முகப்புக் கோப்புறையில் நின்றுகொண்டு இயக்கிய சர்வர்: என் அனுபவம்

கட்டளை வரியில் ஒரே வரியைத் தட்டி ஒரு வலை சர்வரை இயக்குவது எவ்வளவு எளிது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அது எந்தக் கோப்புறையை எடுத்துக் கொடுக்கிறது, யாருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமலே அதை நான் மாதக்கணக்கில் பயன்படுத்தி வந்தேன். அதனால் நேர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

நான் எழுதிய பக்கம் ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் தனித்தனித் தொகுதிகளாக இறக்குமதி செய்துகொள்வது. கோப்பின் மீது இருமுறை சொடுக்கித் திறந்தால் வெற்றுப் பக்கம்தான் வந்தது. வட்டிலிருந்து நேரடியாகத் திறக்கும் கோப்பை உலாவி நம்பத்தக்க மூலமாகக் கொள்வதில்லை. எனவே தொகுதிகளை ஏற்ற மறுத்துவிடுகிறது. அதே பக்கம் ஒரு சர்வரிலிருந்து எச்டிடிபி (வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறை) வழியாக வந்தால் இந்தத் தடை இல்லை. பைத்தான் 3 உடனேயே வரும் எச்டிடிபி சர்வர் தொகுதியை 8000ஆம் போர்ட்டில் இயக்கினேன். பக்கம் உடனே வந்துவிட்டது.

அன்றிலிருந்து டெர்மினலைத் திறந்ததும், எங்கே நிற்கிறேன் என்று பாராமல், அந்தக் கட்டளையைத் தட்டுவது கைப்பழக்கமாகிவிட்டது. புதிதாகத் திறக்கும் டெர்மினல், பயனரின் சொந்தக் கோப்புகள் எல்லாம் இருக்கும் முகப்புக் கோப்புறையில்தான் நிற்கும். நான் உலாவியில் என் திட்டத்தின் பாதையை மட்டும் தட்டி வந்ததால், அதற்கு மேலே முகப்புக் கோப்புறை முழுவதும் திறந்து கிடந்தது என் கண்ணில் படவில்லை.

ஒரு நாள் அலுவலகத்தின் பொது வைஃபையில் வேலை செய்துகொண்டிருந்தேன். சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் டெர்மினலில் ஒரு வரி எழுதும்: கேட்டவரின் ஐபி முகவரி, நேரம், கேட்ட பாதை, விடையின் குறியெண். வழக்கமாக எல்லா வரிகளும், கணினி தன்னையே குறிக்கும் முகவரியான 127.0.0.1 என்றே தொடங்கும். அன்று 192.168 எனத் தொடங்கும், அதே வலையமைப்பிலுள்ள வேறொரு கணினியின் முகவரி தெரிந்தது. முதல் வரியில் அது வேர்ப்பாதையை, அதாவது சர்வர் எடுத்துக் கொடுக்கும் கோப்புறையின் உச்சியை, கேட்டிருந்தது. அடுத்த வரியில், வேறு கணினிகளுக்குள் நுழைவதற்கான சாவிகள் இருக்கும், புள்ளியில் தொடங்கும் எஸ்எஸ்எச் கோப்புறையைக் கேட்டிருந்தது. இரண்டுக்கும் 200 என்று, அதாவது கேட்டது கொடுக்கப்பட்டது என்று, விடை போயிருந்தது. கன்ட்ரோல் சி அழுத்துவதற்குள் எனக்குக் கை நடுங்கியது. சிறிது நேரத்தில் சக ஊழியர் ஒருவர் வந்து, "உங்கள் கோப்புகள் எல்லாம் எனக்குத் தெரிகின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னபோதுதான் மூச்சு வந்தது.

கோப்புறையில் இன்டெக்ஸ் கோப்பு இல்லையென்றால் இந்தச் சர்வர் உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும். புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளும் அதில் வரும். தனிச்சாவிக்கு நான் மட்டுமே படிக்கலாம் என்ற 600 அனுமதி இருந்தும் பயனில்லை, ஏனென்றால் சர்வர் என் பெயரில்தான் ஓடுகிறது. நான் படிக்கக்கூடிய எதையும் அது படித்துக் கொடுத்துவிடும். அன்றே சாவிகளை மாற்றினேன், தரவுத்தளக் கடவுச்சொல்லையும் மாற்றினேன். தொடங்கும்போது முதல் வரியிலேயே 0.0.0.0 என்று சர்வர் அறிவிக்கத்தான் செய்கிறது. கணினியின் எல்லா வலையமைப்பு முகங்களிலும் கேட்கிறேன் என்பதே அதன் பொருள்.

இப்போது, எந்த முகவரியில் கேட்பது என்று சொல்லும் பைண்ட் என்ற விருப்பத்தில் 127.0.0.1 என்று கொடுக்கிறேன், பைத்தான் 3.7இல் வந்த டைரக்டரி என்ற விருப்பத்தில் கோப்புறையையும் பெயர் சொல்லிக் கொடுக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்தக் கோப்புறைக்குள் வெளியே சுட்டும் குறியீட்டு இணைப்பு ஏதேனும் இருந்தால், சர்வர் அதன் வழியே வெளியேயும் போய்விடும். பொதுப் பயன்பாட்டுக்கு இதை வைக்க வேண்டாம் என்று பைத்தான் ஆவணமே எச்சரிப்பதை நான் மிகவும் பிந்தித்தான் படித்தேன்.

மறுமொழி 1

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. உங்களைப் போலவே 127.0.0.1 என்று கட்டிவைத்த சர்வரை ஒரு டாக்கர் கொள்கலனுக்குள் (நிரலைத் தனி வலையமைப்புடன் பிரித்து ஓட்டும் பெட்டி போன்றது) இயக்கி, 8000ஆம் போர்ட்டை வெளியே திறந்தும் விட்டேன். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் உலாவிக்கு ஒன்றும் வரவில்லை. தீச்சுவரைக் குறை சொல்லி ஒரு பிற்பகலையே கழித்த பிறகுதான், கொள்கலனுக்குள் இருக்கும் 127.0.0.1 அந்தக் கொள்கலனை மட்டுமே குறிக்கும் என்பது விளங்கியது. உள்ளே 0.0.0.0 என்றுதான் கொடுக்க வேண்டும். ஆனால் போர்ட்டைத் திறக்கும்போது முகவரி எதுவும் சொல்லாவிட்டால், டாக்கர் அதை வெளிக் கணினியின் எல்லா முகங்களிலும் திறந்துவிடும். ஆகவே கட்டுப்பாட்டை அந்த இடத்தில் வைத்து, போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று எழுதுவதே சரி.

மறுமொழி 2

யார் பெயரில் ஓடுகிறது என்று நீங்கள் சொன்னது எனக்கு மிகவும் பயன்பட்டது. நான் என் முகப்புக் கோப்புறைக்குள் இருந்த தளத்தை என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரில் வைத்தபோது, அனுமதி இல்லை என்னும் 403 பிழைதான் கிடைத்தது. உபுண்டுவில் அதன் பணிச் செயல்முறைகள் தனிப் பயனர் பெயரில் ஓடுகின்றன. அந்தப் பயனருக்கு இறுதிக் கோப்பைப் படிக்கும் அனுமதி இருந்தால் மட்டும் போதாது, வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் நுழையும் அனுமதி வேண்டும். உபுண்டு 21.04 முதல் முகப்புக் கோப்புறைக்கு இயல்பாகவே 750 அனுமதிதான், பிறர் உள்ளே நுழைய முடியாது. முகப்புக் கோப்புறையைத் தளர்த்துமாறு பலர் சொன்னார்கள், நான் செய்யவில்லை. தளத்தின் கோப்புகளை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்தி, அமைப்புக் கோப்பில் தளத்தின் கோப்புறையைச் சொல்லும் ரூட் வரியைத் திருத்தி, இலக்கணப் பிழை உண்டா என்று சோதித்துவிட்டு மறுஏற்றம் செய்தேன், பக்கம் வந்தது.