கார்பைடு இன்சர்ட்டை வார்க்கிறார்களா?

பட்டறைக்காரன்: லேத்தில் உலோகம் வெட்டப் போடும் சின்ன முனைத் துண்டு, அந்தக் கார்பைடு இன்சர்ட்டை இரும்பு மாதிரி உருக்கி வார்க்கிறார்களா? மலிவு ரகம் வாங்கினேன், நாலே ஜாபில் முனை உடைந்துவிட்டது.

மணி: உருக்குவதில்லை நண்பரே. டங்ஸ்டன் கார்பைடு பொடியோடு கோபால்ட் என்ற உலோகத்தின் பொடியைக் கலந்து அரைத்து, அச்சில் அழுத்தி, சுமார் 1400 டிகிரி செல்சியஸ் சூளையில் வைப்பார்கள். கோபால்ட் மட்டும் உருகிப் பொடியைப் பிடித்துக்கொள்ளும். நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் அச்சையே பெரிதாகத்தான் செய்ய வேண்டும்.

செல்வி: அப்புறம் வைரச் சக்கரத்தில் தீட்டி, வெட்டுமுனையை லேசாக மழுக்குவார்கள். ரொம்பக் கூராக விட்டால்தான் உடையும்! மேலே டைட்டானியம் நைட்ரைடு போன்ற பூச்சு, சில மைக்ரான்தான்.

பட்டறைக்காரன்: அட, மழுக்குவதா? சரி, கோபால்ட் கூடினால்?

மணி: எளிதில் உடையாது, ஆனால் சீக்கிரம் தேயும். விட்டு விட்டு வெட்டும் வேலைக்குக் கோபால்ட் கூடிய ரகத்தை வாங்குங்கள்.