கேட்டரிங் சேல்ஸ் வேலையா? சனிக்கிழமை யாருக்கு என்று முதலில் கேளுங்கள்

தம்பி, டொராண்டோ பக்கம் ஒரு பேங்க்வெட் ஹாலில், அதாவது விருந்து மண்டபத்தில், விழாக்களுக்கு ஹாலும் சாப்பாடும் விற்கும் கேட்டரிங் சேல்ஸ் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 'திங்கள் முதல் வெள்ளி' என்று விளம்பரத்தில் இருந்தால் பாதிதான் நம்புங்கள். ஹால் பார்க்க வருபவர்களும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள்தானே. இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்து இடம் பார்ப்பது, சாப்பாட்டை ருசி பார்ப்பது எல்லாம் சாயங்காலம் அல்லது ஞாயிறு. விழாவோ சனிக்கிழமை.

மே முதல் அக்டோபர் வரை கல்யாண சீசன்; அப்புறம் கம்பெனிகளின் கிறிஸ்துமஸ் விருந்துகள். சீசனில் போன் ஓயாது. தலைக்கணக்கை முடித்து, மெனு, மேசை, நேரம் எல்லாம் போட்ட ஈவென்ட் ஆர்டரைச் சமையலறைக்குக் கொடுத்திருப்பீர்கள். வியாழன் ராத்திரி வாட்ஸப் வரும்: "இன்னும் நாற்பது பேர் கூடுவினம், அதில பாதி சைவம்." உடனே செஃபிடம் கெஞ்ச வேண்டும், நாலு மேசை கூட்டி, ஹாலில் மேசை போடும் படத்தைத் திருத்த வேண்டும், விலையை மாற்றிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுவும் வேலைநேரம்தான். ஆனால் யாரும் எழுதி வைப்பதில்லை. நீங்கள் எழுதி வையுங்கள்.

ஏனென்றால் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பெரும்பாலான வேலைகளுக்கு வாரம் 44 மணி நேரம் தாண்டினால் ஒன்றரை மடங்கு சம்பளம். மேனேஜர்களுக்கு அது கிடையாது. ஆனால் 'சேல்ஸ் மேனேஜர்' என்ற பட்டம் மட்டும் போதாது. நீங்கள் உண்மையில் செய்வது நிர்வாக வேலையா என்றுதான் பார்ப்பார்கள். வெளியே அலைந்து விற்கும் கமிஷன்காரர்களுக்கும் ஓவர்டைம் இல்லை. அதனால் உங்கள் வேலை இதில் எது என்று எழுத்தில் வாங்குங்கள்.

கமிஷன், வாடிக்கையாளர் அட்வான்ஸ் கட்டியதும் கிடைக்குமா, விழா முடிந்தபிறகா? அடுத்த வருஷக் கல்யாணத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நடுவில் விலகினால் அந்தப் பணம் என்னவாகும்? இதையும் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் சேராமல் இருப்பதே மேல் என்பேன்.

தமிழர் நிறைய வாழும் ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் நம் ஆட்களைத் தெரிந்திருப்பது பெரிய பலம். ஜூலை நடுவிலிருந்து ஒரு மாதம் ஆடி. நல்ல கோடைச் சனிக்கிழமைகளிலும் நம்மவர்கள் கல்யாணத்துக்குத் தேதி கேட்பது குறைவு. அந்த நாட்களை மற்றச் சமூகத்தாருக்கு முன்கூட்டியே விற்கச் சொல்லும் ஆளை முதலாளி இழக்க விரும்பமாட்டார்.

இன்னொன்று: ஹால்கள் நிறைய தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும், விழா முடிய நள்ளிரவு தாண்டும். தனியாகக் கார் ஓட்ட விடும் ஜி2 லைசென்ஸாவது எடுத்துவிட்டீர்களா?