கிபியோனியர் ஏமாற்றி வாங்கிய சத்தியம் ஏன் செல்லும்?

கேள்வி: பைபிளின் யோசுவா 9-ல், கானான் நாட்டவரான கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த தோல்பைகளையும் காட்டி, தூரதேசத்துக்காரர் என்று பொய் சொல்லித்தானே, தங்களைக் கொல்லக்கூடாது என்று இஸ்ரவேலரிடம் உடன்படிக்கை வாங்கினார்கள்? உண்மை தெரிந்த பிறகும் இஸ்ரவேலர் அதை ஏன் காப்பாற்றினார்கள்? யூத உரைகள் என்ன சொல்கின்றன?

பதில் 1: யூதச் சட்ட விவாத நூலான தல்மூத்தில் கித்தின் என்ற பகுதியின் 46அ பக்கம் பாருங்க. ரபி யெகூதா, பலர் அறியச் செய்த சத்தியம் என்பதால் அதை ரத்து செய்ய முடியாது என்கிறார். மற்ற ஞானிகளோ, பொய்யின் மேல் நின்ற சத்தியம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது, ஆனாலும் கொன்றால் கடவுளின் பெயருக்கு இழுக்கு வரும் என்பதால்தான் விட்டார்கள் என்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது விளக்கம்தான் கனமாகப் படுகிறது, ஏன்னா சட்டப்படி கடமையே இல்லாதபோதும் வாக்கைக் காத்தார்கள்.

பதில் 2: அப்புறம் 2 சாமுவேல் 21-ஐயும் சேர்த்துப் படிங்க, சவுல் ராஜா இந்தச் சத்தியத்தை மீறி கிபியோனியரைக் கொன்றதற்காக தாவீது காலத்தில் 3 வருடம் பஞ்சம்.

பதில் 3: பொய்யே தேவைப்படவில்லை என்பதுதான் வேதனை. இஸ்ரவேலரின் தலைவர் யோசுவா கானான் நாட்டுக்குள் நுழையும் முன்பே சமாதானத்துக்கு அழைத்துக் கடிதம் அனுப்பினார் என்று தல்மூத்தின் இன்னொரு வடிவமான எருசலேம் தல்மூத் சொல்கிறது, இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸும் அதையே எடுத்துக்கொள்கிறார்.