புதுப்பிப்பு: ஜெர்மனியில தனியா, இப்ப எப்படி?

போன மாசம் "ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் பூட்டு, அறையில ஒரு முட்டைகூட இல்ல, அழுகையா வருது"ன்னு புலம்பியிருந்தேன்ல, அதோட தொடர்ச்சி.

இப்ப சனிக்கிழமையே வாங்கி வச்சிருவேன். காலி தண்ணி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா ஒண்ணுக்கு 25 சென்ட் கிடைக்கும். அது தெரியாம ரெண்டு பை நிறைய குப்பையில போட்டிருக்கேன் (அம்மைகிட்ட சொல்லல).

பெரிய விசயம் என்னன்னா, ஆப்பிரிக்கக் கடையில உறைய வச்ச மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கிடைச்சுது! தக்கலையில இருந்து அம்மை வீடியோவுல "மொத தண்ணிய வடிச்சுக் கள மக்ளே, நடு நார எடு"ன்னு சொல்லச் சொல்ல அவிச்சேன். இங்க சாயங்காலம் 7 மணி, அங்க ராத்திரி 11.30. அம்மை கண்ணு சொக்கச் சொக்க இருந்தா, ஆனா போனை வைக்கல.

மீன்கறிதான் சொதப்பல். போன பதிவுல புளி இல்லன்னா வினிகர் ஊத்துன்னு சொன்ன அண்ணா, நீங்க நல்லாருங்க.