வெயிலா, காற்றா: தென்னாப்பிரிக்காவின் மின் தேவைக்கு எதை நம்பலாம்?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்):
வணக்கம். 100 மெகாவாட் சூரியப் பலகைகளும் 100 மெகாவாட் காற்றாலைகளும் ஒரே அளவு மின்சாரம் தருமா என்று மகள் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. வட கேப் மாகாணத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆனால் நாம் அடுப்பையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போடுவது குளிர்காலத்தில், அதுவும் இருட்டிய பிறகு அல்லவா?

பதில் 1 (போர்ட் எலிசபெத்):
தராது, ஐயா. மெகாவாட் என்பது உச்சத்திறன் மட்டுமே. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால், சூரியனை நோக்கித் திரும்பும் பலகைகள்கூடத் தம் திறனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே தருகின்றன. காற்று வளமான இடத்துக் காற்றாலை மூன்றில் ஒரு பங்கையாவது தரும், இரவிலும் சுழலும். எங்களுக்கு அருகிலுள்ள ஜெஃப்ரீஸ் பேயில் 60 காற்றாலைகள், 138 மெகாவாட். குளிர்காலத்தில் கேப் கடற்கரையைத் தாக்கும் குளிர்முகங்கள் (முன்னேறி வரும் குளிர்காற்றுத் திரளின் விளிம்புகள்) காற்றையும் கொண்டுவருகின்றன. ஆனால் காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். ஆகவே இடத்தைத் தவறாகத் தேர்ந்தால் எல்லாம் வீண்.

பதில் 2 (கிம்பர்லி):
இருட்டுக்கும் வழி உண்டு. எங்கள் வட கேப் மாகாணத்துக் கென்ஹார்ட்டில் 540 மெகாவாட் பலகைகளோடு 1,140 மெகாவாட்‑மணி சேமிக்கும் மின்கலங்களும் உள்ளன. அதிகாலை 5 மணி முதல் இரவு 9.30 வரை 150 மெகாவாட் தருவதே ஒப்பந்தம். நான் வெயில் கட்சிதான், இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன்: 150ஐ உறுதியாகத் தர 540 தேவைப்பட்டிருக்கிறது. பழுது பார்ப்பதோ எளிது; பலகைக்காக யாரும் நூறு மீட்டர் உயரம் ஏற வேண்டியதில்லை.

பதில் 3 (கேப் டவுன், ஓய்வுபெற்ற மின்பொறியாளர்):
இருவரும் உற்பத்தியைப் பற்றியே பேசுகிறீர்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம், சரி. தூற்றியதை வீடு சேர்க்க வண்டி வேண்டாமா? 2022இல், புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்க அரசு நடத்திய ஆறாவது ஏலத்தில் ஒரு காற்றாலைத் திட்டம்கூடத் தேர்வாகவில்லை. காற்று இல்லாததால் அன்று. காற்று வளமுள்ள கேப் மாகாணங்களின் மின்கடத்தித் தடங்களில் கூடுதல் மின்சாரத்தைச் சுமக்க இடம் இல்லாததால். வென்றவை எல்லாம் சூரியத் திட்டங்களே, ஏனெனில் தடங்களில் இடமுள்ள, கடலிலிருந்து தள்ளிய உள்பகுதிகளிலும் வெயில் போதிய அளவு கிடைக்கிறது. அதே ஆண்டு மூடப்பட்ட கோமாட்டி நிலக்கரி நிலைய வளாகத்தில் பலகை, காற்றாலை, மின்கலம் மூன்றையும் அமைக்கத் திட்டமிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்: தடங்கள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. மகளின் அடுத்த கேள்வி: புதிய தடம் போட எத்தனை ஆண்டுகள் ஆகும்?