சீருடையில் வருபவரைத் தடுக்கக் காவலர் தயங்குவது ஏன்?

கேள்வி:
ஒரு பண்டகசாலையின் பாதுகாப்பு என் பொறுப்பில் உள்ளது. கதவுகளில் அடையாள அட்டைப் பூட்டும் மூலைதோறும் கண்காணிப்புக் கேமராவும் இருந்தும், சென்ற மாதம் ஏணியைத் தோளில் சுமந்து வந்த ஒருவர், எங்கள் ஊழியரே இரக்கப்பட்டுக் கதவைப் பிடித்துக்கொள்ள, உள்ளே நுழைந்து அரைமணி நேரம் உலவிவிட்டுச் சென்றார். எதுவும் களவு போகவில்லை. ஆனால் அவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. இனி எந்தக் கருவியைப் பொருத்துவது?

மறுமொழி 1:
குறை கருவியில் இல்லை. பாஸ்டனில் உள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்கு 1990 மார்ச் 18 அதிகாலையில் காவல்துறைச் சீருடையில் வந்த இருவர், ஏதோ கலவரம் பற்றிப் புகார் வந்ததாகச் சொன்னதும், காவலரே கதவைத் திறந்துவிட்டார். வெளியே தகவல் தரும் அவசரப் பொத்தான் அவருடைய மேசையில்தான் இருந்தது. அவர்மீது பிடியாணை இருப்பதுபோல் பேசியே அவரை மேசையைவிட்டு எழுந்து வரச் செய்தார்கள். 13 கலைப்பொருள்கள் போயின, ஒன்றுகூட மீளவில்லை. சீருடையைவிட, அந்த மேசையிலிருந்து எழுப்பிய சாமர்த்தியமே என்னை உறுத்துகிறது.

மறுமொழி 2:
உங்கள் ஏணிக்காரருக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. 1911 ஆகஸ்டில் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனா லிசாவை எடுத்துச் சென்ற வின்சென்சோ பெருஜியா, அங்கு முன்பு வேலை செய்தவர்; பணியாளர்கள் அணியும் வெள்ளை மேலங்கியையே அணிந்திருந்தார். வெளியேறும் வழியில் பூட்டியிருந்த கதவை அவருக்குத் திறந்துவிட்டவர், அவ்வழியே வந்த குழாய்ப் பணியாளர். மறுநாள் வெற்றுச் சுவரைக் கண்டவர்களும், படத்தைப் புகைப்படம் எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்றே எண்ணினார்கள். இடத்துக்குப் பொருந்திய உடையில் ஒருவரைக் கண்டால், அவர் அங்கு இருப்பதற்கான காரணத்தை நாமே கற்பித்துக்கொள்கிறோம்.

மறுமொழி 3:
ஆளைப் பார்க்காமல் வந்த வேலையைச் சரிபாருங்கள். அழைத்தவர் யார் என்று கேட்டு, வந்தவர் நீட்டும் எண்ணை விடுத்து, உங்கள் பதிவேட்டில் உள்ள எண்ணில் கூப்பிட்டு உறுதிசெய்த பிறகே உள்ளே விட வேண்டும். அதுவரை காவலர் மேசையைவிட்டு நகரக் கூடாது. இன்னொன்று: உங்கள் காவலர் எப்போதாவது மேலதிகாரி ஒருவரிடம் அட்டையைக் காட்டச் சொல்லியிருக்கிறாரா? அப்போது என்ன நடந்தது?

கேள்வி கேட்டவர்:
சென்ற ஆண்டு ஒருவர் கேட்டார். எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ளப்பட்டார். ஏணிக்காரர் வந்த அன்று வாயிலில் இருந்தவரும் அவரே.