இலங்கை மலையகத்தில் இடிந்த பள்ளியைக் கட்ட நம் இளையர்களை அழைத்துப் போகலாமா?

ஈசூன்_குமார்:
வணக்கம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டபோது சிங்கப்பூரில் எங்கள் குழுவில் பணமும் போர்வையும் சேர்த்து அனுப்பினோம். இப்போது குழுவில் உள்ள இளையர்கள் அதோடு நிற்க மாட்டோம், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு வகுப்பறை கட்டித் தருகிறோம் என்கிறார்கள். பாதிப் பேர் பலதுறைத் தொழிற்கல்லூரி, மீதிப் பேர் தேசிய சேவை முடித்த பையன்கள். 15 பேர், ஜூன் விடுமுறையில் பத்து நாள். ஆர்வத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு பையனின் அம்மா "வீட்டில் ஓர் ஆணி அடிக்கத் தெரியாதவன் அங்கே போய் என்னத்தைக் கட்டுவான்?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். இப்படித் தொண்டூழியம் போனவர்கள், மலையகம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நிதி திரட்டும் விதிமுறை பற்றியும் தெரிய வேண்டும்.

சைட்_மணி:
தம்பி, நான் கட்டுமானத்தில்தான் இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். கான்கிரீட் முழு பலத்துக்கு வர 28 நாள் என்று கணக்கு வைப்போம். முதல் வாரம் அது காயாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் ஆட்கள் பத்தாம் நாள் விமானம் ஏறிவிடுவார்கள், அப்புறம் யார் பார்ப்பது? கலவையில் தண்ணீர் கொஞ்சம் கூடினால் குழைப்பது சுலபமாக இருக்கும், பழக்கமில்லாத கை அதைத்தான் செய்யும், பலம் அங்கேயே போய்விடும். கூரைத் தகரத்தைக் கொக்கி போல்ட் போட்டுச் சட்டத்தோடு இறுக்குவதும் அப்படித்தான், சும்மா ஆணி அடித்துவிட்டு வந்தால் அடுத்த காற்றில் பறக்கும். சாதாரணக் கொட்டகை என்றால் பரவாயில்லை. இது பள்ளிக்கூடம். மறுபடி வெள்ளம், மண்சரிவு என்றால் ஊர் மொத்தமும் ஓடிவந்து தங்குவது அங்கேதான். சுவரும் கூரையும் தொழில் தெரிந்தவர் கையில் இருக்கட்டும்.

ஊவா_பிள்ளை:
குமார் அண்ணா, நான் பதுளை மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இங்கே தாதியாக வேலை செய்கிறேன். மணி அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் கட்டடத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது நிலம். பழைய இடத்திலேயே கட்டலாமா? மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்த்து, இந்த இடம் பாதுகாப்பு என்று சொல்ல வேண்டும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தயில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அப்படியே மண்ணுக்குள் போயின. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்த தாய் தகப்பன் போய்விட்டார்கள். அந்த இடம் ஆபத்து என்று முன்னமே எச்சரித்திருந்தார்கள், ஆனால் தோட்டத்துச் சனத்துக்கு வேறு காணி எங்கே இருந்தது? அதுதான் எங்கள் பக்கத்துப் பிரச்சினை, காணி தோட்டத்துடையதாக இருக்கும், பள்ளி அரசாங்கத்துடையதாக இருக்கும், இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குவதற்குள் ஒரு வருசம் ஓடிவிடும். அதனால் முதலில் அதிபரிடமும் (தலைமையாசிரியர்) வலயக் கல்வி அலுவலகத்திலும் பேசுங்கள். கட்டித் தருகிறோம் என்று பிள்ளைகளுக்கு முன்னால் மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வேலைக்கு ஆள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மேசன் இருக்கிறார், தச்சர் இருக்கிறார். மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பது தேயிலை மலையில் காலமெல்லாம் கான் (வடிகால்) வெட்டிய பெரியவருக்குத் தெரியும், அது உங்கள் எஞ்சினியருக்குக்கூட அங்கே வந்து நின்றால்தான் தெரியும். அந்தக் கூலி அவர்களுக்குப் போகட்டுமே.

ஜூன் மாதம் பதுளைக்குச் சரிதான், அப்போது எங்கள் ஊவா மாகாணத்தில் மழை குறைவு. மலையகத்தின் மேற்குச் சரிவில் உள்ள ஹட்டன் பக்கம் என்று மாற்றிவிடாதீர்கள், அங்கே தென்மேற்குப் பருவமழை நின்று பெய்யும். டிசம்பரில் எங்கள் பக்கம்தான் நனையும்.

பாசிர்ரிஸ்_ரவி:
ஊவா_பிள்ளை சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன், ஆனால் "போகவே வேண்டாம்" என்கிற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம். 2015 ஏப்ரல் நேப்பாள நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு குழுவோடு போயிருந்தேன். அது சனிக்கிழமை நண்பகலில் நடந்தது, அங்கே சனிக்கிழமை பள்ளி விடுமுறை. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த இடிபாட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆயிரக்கணக்கான பள்ளிகள் சேதம், எல்லாவற்றையும் உடனே கட்ட முடியாது, மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. அதனால் மூங்கிலும் தகரமும் தார்ப்பாயும் வைத்துத் தற்காலிக வகுப்பறைகள் போட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது செங்கல் பொறுக்கி அடுக்கும் வேலை, தகரம் சுமக்கும் வேலை. அதற்குத் தொழில் தெரிய வேண்டியதில்லை, ஆள்தான் வேண்டும். படம் பிடித்துப் போட அதில் ஒன்றும் இல்லை, அதனால் சிலருக்கு முகம் சுருங்கியது, அது வேறு கதை!

உங்கள் பையன்கள் சேறு அள்ளலாம், மேசை நாற்காலி பழுது பார்க்கலாம், பெயின்ட் அடிக்கலாம், நனைந்துபோன நூலகத்தை மறுபடி ஒழுங்குபடுத்தலாம். தமிழ்வழிப் பள்ளிதானே, பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச மொழிபெயர்ப்பாளர்கூட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
நிதி பற்றி யாரும் சொல்லவில்லையே. வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் பணம் திரட்டினால் அறநிறுவன ஆணையரிடம் அனுமதி வாங்க வேண்டும். திரட்டியதில் குறைந்தது 80 விழுக்காடு இங்கேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி, பேரிடர் நிவாரணத்துக்குத் தளர்வு உண்டு. ஆனால் மறுகட்டுமானத்தையும் நிவாரணமாக எடுத்துக்கொள்வார்களா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி வருமுன் பணம் அனுப்பும் பேநவ் எண்ணை வாட்ஸ்அப்பில் சுற்ற விட வேண்டாம். இன்னொன்று, விமானச் சீட்டு, தங்குமிடம், வேன் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆயிரம் வெள்ளி என்றே வைத்தாலும் 15 பேருக்கு 15,000. அந்தத் தொகையை அங்கே மேசன் கூலியாகக் கொடுத்தால் எத்தனை மாதம் வேலை நடக்கும் என்று உங்கள் பையன்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஈசூன்_குமார்:
எல்லாருக்கும் நன்றி. கணக்கை நேற்றே போடச் சொன்னேன், கொஞ்சம் அமைதியாகிவிட்டார்கள் :) இப்போதைக்கு முடிவு இதுதான். ஜூனில் 15 பேர் இல்லை, நானும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் போய் அதிபரைப் பார்க்கிறோம். நில அனுமதி இருந்தால் கட்டுமானப் பணம் உள்ளூர் மேசனுக்கு, மணி அண்ணன் வரைபடத்தை மட்டும் பார்த்துத் தந்தால் போதும். கூரை போட்டு முடிந்த பிறகு பையன்கள் போகட்டும். ஊவா_பிள்ளை, உங்கள் பக்கம் எந்தப் பள்ளியில் பேசலாம் என்று தனிச்செய்தி அனுப்ப முடியுமா?

ஊவா_பிள்ளை:
அனுப்புகிறேன் அண்ணா. போகும்போது அன்பளிப்பு என்று பழைய உடுப்பு மூட்டை மட்டும் கொண்டு போகாதீர்கள், அது ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. பள்ளிச் சப்பாத்துதான் தேவை, அளவு கேட்டுச் சொல்கிறேன்.